கொழும்பில் எனக்கொரு வீடு

எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்த நாளிலிருந்து கல்முனையில் என் மனைவியின் சீதன வீட்டில் இருந்தேன். மகளின் கலியாணத்தோடு அது அவள் பெயருக்குப் போனது. மனைவி மௌத்தாகி அடக்கமான பிறகு நானும் அந்த வீட்டோடு சேர்ந்த ஒரு பழைய சாமான் ஆனேன். மகளும் மருமகனும் நல்லவர்கள். குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனாலும் ஃபேனைப் போடுவதற்குக்கூட யோசித்துக்கொண்டிருப்பேன்.

அதனால்தான் சாகாமத்தில் இருந்த என் வயலை விற்றுக் கொழும்பில், தெகிவளையில் தொடர்மாடி வீடொன்று வாங்கினேன். வாடகைக்கு விட என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். என் பெயரில் எழுதிய முதல் வீடு அதுதான். வாடகைக்கு வரப்போகிறவர்கள் பின்னேரம் வருவதாக இருந்தது. நான் காலையிலேயே போய்த் திறந்துகொண்டேன்.

வெறும் தரை, வெறும் சுவர். எல்லா ஃபேனையும் போட்டேன். குளியலறைக் கதவைத் திறந்துவைத்தபடியே முகம் கழுவினேன். யாருக்கும் இடைஞ்சல் இல்லை. லுஹர் தொழுதுவிட்டு அப்படியே தரையில் சாய்ந்து கிடந்தேன். இங்கேயே இருந்துவிட்டால் என்ன என்று ஆசை வந்துவிட்டது. வருகிறவர்களுக்கு ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பிவிடலாம். முதலில் மகளிடம் சொல்லிவிடுவோம் என்று போன் எடுத்தேன்.

"வாப்பா, ஊடு எப்பிடி?" என்றாள்.

"நல்ல காத்து மகள். நான் என்ன யோசிக்கிறன் எண்டா..."

"நாங்களும் அதத்தான் கதைச்ச வாப்பா. அத நம்மட சின்னவள்ட பேருக்கு எழுதினா அவள்ட ஊட்டு யோசினை எங்களுக்கு இல்ல. அதுவரைக்கும் வாடகை வரட்டும். என்ன சொல்றீங்க?"

என் பேத்தி சின்னவளுக்கு இன்னும் பால்பல்கூட விழவில்லை.

"ஓம் மகள்," என்றேன். வேறு என்ன சொல்வது? நானும் அப்படிப் பெண்ணுக்கு எழுதிக் கொடுத்த ஒரு வீட்டுக்குள் வந்தவன்தான்.

பின்னேரம் வாடகைக்கு வரவிருந்த இளம் தம்பதியர் பெட்டிகளோடு வந்தார்கள். சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து செருப்பை மாட்டினேன். அந்தப் பெண்பிள்ளை வாசல்வரை வந்து மரியாதையாகக் கூப்பிட்டாள்.

"உள்ளுக்கு வாங்க அங்கிள். இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.