பத்து நாளும் ஒரு பிடி அவலும்

கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று ஒன்றரை வருஷம் காத்திருந்தேன். ஆறவில்லை. ஆறாமலே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் அவல் வறுப்பது என் வேலை. வேறு எதற்கும் நான் அடுக்களைக்குள் போவதில்லை. கல்யாணத்துக்கு முன் அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தனியாக இருந்து வேலை பார்த்தபோது, காலையில் உலை வைக்கச் சோம்பல்பட்டுக் கற்றுக்கொண்ட பண்டம் அது. சிவப்பு அவலைப் புடைத்து, மண்சட்டியில் சிறு தீயில் வறுக்க வேண்டும். ஒரு தடவைக்கு இரண்டு கைப்பிடிக்கு மேல் போட்டால் அடி கருகும், மேலே பச்சையாக நிற்கும். விரலில் வைத்து நசுக்கினால் சடக்கென்று ஒடிய வேண்டும். எள்ளையும் நிலக்கடலையையும் தனித்தனியாக வறுத்துக்கொண்டு, தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறி நெய்யில் சிவக்க விட வேண்டும். கருப்பட்டியைக் கரைத்து மண் போக வடிகட்டி, பாகு கம்பியாக வந்ததும் சுக்குப்பொடி தூவி எல்லாவற்றையும் கொட்டிக் கிளற வேண்டும். உருண்டை பிடிக்கக் கூடாது. வாழையிலையில் பரப்பி, ஆறியதும் உதிர்த்துத் தகர டப்பாவில் போட்டால் பல நாள் மொறுமொறுப்பு போகாது. காலையில் கிண்ணத்தில் போட்டுப் பால் விட்டு, ஊறுவதற்கு முன் தின்றுவிட வேண்டும்.

என் மகள் பால் விடாமலே தின்பாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. அவள் கடிக்கிற சத்தம் தெருவுக்குக் கேட்கும்.

"ஏளா, வீட்டுக்குள்ள எலி புகுந்துட்டா?" என்று என் அக்கா கேலி செய்வாள். அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அத்தான் இறந்துபோன பிறகு வண்ணார்பேட்டையில் எங்களோடுதான் இருக்கிறாள். வீட்டில் நாள் பார்ப்பது, விரதம், பத்தியம் எல்லாம் அவள் சொன்னபடிதான்.

அந்த வருஷம் ஆற்றில் வெள்ளம் வடிந்த கையோடு மகளுக்குக் காய்ச்சல் வந்தது. இருபத்திரண்டு நாள் விடவில்லை. குடலில் வருகிற விஷக்காய்ச்சல் என்று டாக்டர் சொன்னார். அவர் இந்த ஊர்க்காரர்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் வில்வண்டியில் வந்து பார்த்தார். கண்ணாடிக் குழாயை அவள் அக்குளில் வைத்துச் சூட்டைப் பார்த்து எனக்கும் காட்டுவார். இருபத்திரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சூடு இறங்கிவிட்டது. நான் அழுதுவிட்டேன். டாக்டர் அழுகையைக் கவனிக்கவில்லை.

"நல்லாக் கேட்டுக்கிடும். காய்ச்சல்தான் விட்டிருக்கு. குடல் இன்னும் புண்ணாக் கிடக்கு. இன்னையிலேருந்து பத்து நாளைக்குப் பாலும் கஞ்சித்தண்ணியுந்தான். கடிச்சுத் திங்குத எதையும் கண்ணுல காட்டப்பிடாது. பிள்ளை பசி பசின்னு கெஞ்சும். நீரு எளகிரப்பிடாது, என்ன?"

நானும் என் மனைவியும் தலையை ஆட்டினோம். அக்காவும் பக்கத்தில்தான் நின்றாள்.

காய்ச்சல்காரருக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டால் நோய் முடிந்தது என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரை ஊற்றித் திருநீறு பூசினால் அன்றே பத்தியம் முறிக்கலாம். யாருக்கும் அதில் சந்தேகம் வராது. அக்கா பஞ்சாங்கத்தைப் பார்த்தாள். டாக்டரின் பத்து நாள் முடிந்து வருகிற வெள்ளிக்கிழமை நவமி. நடுவில் செவ்வாய்க்கிழமை பிள்ளையின் பிறந்த நட்சத்திரம். இரண்டும் ஆகாது. அதனால் இந்த வெள்ளிக்கிழமையே ஊற்றிவிடலாம் என்று அவளாக முடிவு செய்தாள். அது ஆறாவது நாள்.

நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலைமுடி ஈரம் காய்ந்து பறந்தது. நெற்றியில் திருநீறு. ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தை முகமாகப் பார்த்தேன். அந்த நேரத்தில் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அன்று வராத கோபத்தைத்தான் இன்றுவரை தின்றுகொண்டிருக்கிறேன்.

"அப்பா, அவல்" என்றாள்.

என் மனைவி மட்டும் பயந்தாள். "டாக்டர் பத்து நாளுன்னுல்லா சொன்னாரு, மதினி?"

"தண்ணி ஊத்தியாச்சு, இனிம என்ன பத்தியம்? கத்திரிக்காயா குடுக்கப் போறோம்? வறுத்த பண்டந்தானே. சீக்காளிக்குப் பொரிக்கஞ்சி குடுக்கதில்லையா? வயித்துக்கு அத மாதிரி லேசு எது இருக்கு?" என்றாள் அக்கா. பிறகு என்னைப் பார்த்து, "ஏலே, பிள்ள நாக்கு செத்துப்போயிக் கிடக்கா. நிக்கியே, போயி வறு" என்றாள்.

நான் படித்தவன். ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறவன். டாக்டர்கள் எப்போதும் இரண்டு நாள் கூட்டித்தான் சொல்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு பிடியில் என்ன ஆகிவிடும் என்றும் சொல்லிக்கொண்டேன். அடுப்பை மூட்டினேன். அன்றைக்கு அவல் வாய்த்தது போல் என்றும் வாய்த்ததில்லை. ஒன்றுகூடக் கருகவில்லை.

ஒரு பிடி கொடுத்தேன். தின்றாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு என் மனைவிகூடச் சிரித்துவிட்டாள். "இன்னும் கொஞ்சம்ப்பா" என்றாள். இன்னொரு பிடி கொடுத்தேன். தேங்காய்ப்பல்லாகப் பொறுக்கிக் கொடுத்தேன்.

மறுநாள் மத்தியானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். சாயங்காலம் இரத்தமாகப் போயிற்று. முகம் சுண்ணாம்பு அடித்தது போல் வெளுத்துவிட்டது. வில்வண்டி வந்தது. டாக்டர் அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன குடுத்தீக?"

மகள்தான் கண்ணைத் திறக்காமல், "அவல்" என்றாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "நீரு பள்ளிக்கூடத்துல கணக்குல்லா சொல்லிக் குடுக்கேரு? பத்து வரைக்கும் எண்ணத் தெரியாதா வே?"

தெருக்காரர்கள் நாலைந்து பேர் வாசலில் நின்று கேட்டார்கள். அவளை அசைக்கக் கூடாது, பால்கூடக் கொடுக்கக் கூடாது, உதட்டை மட்டும் நனைக்கலாம் என்றார். ஏதோ சொட்டு மருந்து கொடுத்தார். வயிற்றில் போட ஈரத்துணி. குடல் ஓட்டை விழுந்திருந்தால் பிழைக்கமாட்டாள் என்பதை என்னிடம் மட்டும் வண்டியில் ஏறும்போது சொன்னார்.

மூன்று நாள் அப்படிக் கிடந்தாள். வந்து பார்த்தவர்கள் கண்பட்டுவிட்டது என்றார்கள். குளித்து உட்கார்ந்த பிள்ளையை எதிர்வீட்டு அம்மாள் பார்த்துவிட்டாளாம். அக்கா உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். அந்த நெடியில் பிள்ளை இருமியது. இருமும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டது. நான் அடுப்பைக் காலால் உதைத்தேன்.

"நீயும் உன் பஞ்சாங்கமும்! ஆறாம் நாளு எதுக்குத் தண்ணி ஊத்துன? உன்னைய யாரு ஊத்தச் சொன்னா?" என்று கத்தினேன்.

அக்கா சிதறிய கங்குகளைத் துடைப்பத்தால் ஒதுக்கிக்கொண்டே பைய சொன்னாள். "நான் ஊத்துன தண்ணியாலயாலே ரத்தம் வந்துச்சு?"

நாலாம் நாள் இரத்தம் நின்றது. குடல் ஓட்டை விழவில்லை. மகள் எழுந்து நடக்க இரண்டு மாதம் ஆயிற்று. இந்தத் தடவை டாக்டர் சொல்லும் வரை தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட நான் விடவில்லை. ஒவ்வொரு நாளையும் சுவரில் கரியால் கோடு போட்டேன். அக்கா அந்தக் கோடுகளைப் பார்த்தும் பார்க்காதவள் போலப் போவாள். வருகிறவர்களிடம் மட்டும், "நல்ல நாளாப் பாத்து ஊத்துனதாலதான் அதோட போச்சு" என்று இன்றும் சொல்கிறாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுகிறேன். அவள் அன்று கேட்ட கேள்வி இன்னும் மோசம். அவள் மேல் போட்டுவிட்டு நான் தப்பித்துப் போக அந்தக் கேள்வி வழிவிடவில்லை.

மண்சட்டியைப் பரண்மேல் போட்டுவிட்டேன். போன மாதம் மகள் அதைக் கண்டுபிடித்தாள். இப்போது பத்து முடிந்து பதினொன்று நடக்கிறது, கன்னம் தேறிவிட்டது.

"அப்பா, அவல் வறுங்கப்பா."

"பேசாமப் போ!" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் பின்னால் நகர்ந்தாள். ஆனால் போகவில்லை.

"டாக்டர் சொன்ன பத்து நாள் ஆயிட்டுல்லா?" என்றாள்.

அன்று சாயங்காலமே டாக்டர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவர் சிரித்தார். கல்லைக் கொடுத்தாலும் அவளுக்குச் செரிக்கும் என்றார். மறுநாள் காலையில் சட்டியைக் கழுவி அடுப்பில் வைத்தேன். அவலை இரண்டு தடவை கருக்கிக் கொட்டினேன். மூன்றாம் தடவை சரியாக வந்தது. பாலை ஊற்றினேன். நன்றாக ஊறட்டும் என்று கிண்ணத்தை என் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அவள் நான் பார்க்காத நேரம் இலையிலிருந்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக் கடித்தாள்.

நான் கிண்ணத்தோடு புறவாசலுக்குப் போய் நின்றேன். சத்தம் அங்கேயும் கேட்டது. உள்ளே அக்கா, "ஏளா, எலி வந்துட்டா?" என்றாள். மகள் சிரித்தாள். அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது.