காம்பஸ் வைத்த பலகை

என் மனைவிக்கு வீட்டில் காம்பஸ் என்று பெயர். திசை காட்டுமே, அந்தக் காம்பஸ். வைத்தவன் நான்தான். கல்யாணமான புதிதில் தெருமுனைக் கடைக்கு சோப்பு வாங்கப் போனவள், வெகுநேரம் கழித்து, தெருவின் மறுகோடியிலிருந்து யாரோ ஒரு அம்மாவின் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். கையில் சோப்பு இல்லை. லிஃப்டை விட்டு வெளியே வந்தால் தப்பான பக்கம்தான் திரும்புவாள். ஒருநாள் வேறு மாடியில் யார் வீட்டுக் கதவையோ எங்கள் சாவியால் திறக்கப் பார்த்து, எட்டிப் பார்த்த வீட்டுக்காரரிடமே "நீங்க யாரு?" என்று கேட்டிருக்கிறாள். நானோ சரக்கு வேன் ஓட்டுகிறவன். ஒருமுறை போன வழியை என் கை மறக்காது. எங்களைச் சேர்த்துவைத்த புண்ணியவானைத்தான் சொல்ல வேண்டும்.

இதில் வேடிக்கை அவள் பார்க்கும் வேலை. பெரிய கட்டடங்களுக்கு வழிகாட்டிப் பலகைகள் வடிவமைக்கும் நிறுவனம். எக்ஸ்ரே இந்தப் பக்கம், கழிப்பறை அந்தப் பக்கம். எந்த எழுத்து எவ்வளவு தூரத்திலிருந்து மங்கிய கண்ணுக்கும் தெரியும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தனக்கு வழி தெரியாது என்பதை மட்டும் அலுவலகத்தில் மூச்சு விடவில்லை. வழிகாட்டுகிறவளுக்கே வழி தெரியாது என்று தெரிந்தால் யார் மதிப்பார்கள் என்று பயம்.

போன வருடம் அவளை ஒரு குழுவுக்குத் தலைவியாகப் போட்டார்கள், தற்காலிகமாகத்தான். புதிதாகக் கட்டும் மருத்துவமனை ஒன்றின் வேலை. மருத்துவமனைக்காரர்கள் திட்டத்தை ஏற்றுக்கொண்டால் பதவி நிரந்தரம், இல்லையென்றால் பழைய நாற்காலி. குழுவில் நாலு பேர், நாலு ஊரில். எல்லாரும் கூடும் இடம், கணினியில் விரிகிற ஆன்லைன் ஒயிட்போர்டு. கட்டடத்தின் வரைபடத்தை அதில் விரித்துப்போட்டு, கலர் கலராகச் சீட்டு எழுதி ஒட்டுவார்கள். இங்கே ஒட்டியது அந்த நொடியே அங்கேயும் தெரியும். ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய ஒரு குட்டி அம்பு. பெயரை அமுக்கினால், அந்த ஆள் பலகையில் எங்கே இருக்கிறாரோ அங்கே நாமும் போய்விடலாம்.

அந்தப் பலகைக்கு விளிம்பு கிடையாது. எந்தப் பக்கம் தள்ளினாலும் போய்க்கொண்டே இருக்கும். என் மனைவிக்கு இது போதாதா? விரல் லேசாக வழுக்கினாலே வேலை மொத்தமும் எங்கோ ஓடிவிடும், திரை முழுக்க வெள்ளை. சாப்பாட்டு மேஜையிலிருந்து கூப்பிடுவாள்: "ஏங்க, ஆஸ்பத்திரியைக் காணோம்." நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தேடிக் கொடுப்பேன். உட்கார்ந்த இடத்திலேயே தொலைந்து போக உன்னால்தான் முடியும் என்பேன்.

பலகைகளைச் சுவரில் பொருத்துகிறவனுக்குக் குழுவில் ஆணி என்று பெயர். அவன்தான் இதை முதலில் கண்டுபிடித்தான். அக்காவைத் திரையில் காணோமே என்று அவள் பெயரை அமுக்கிப் பார்த்தால், அவளுடைய அம்பு வெட்டவெளியில் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மறுநாள் வழக்கம்போல் தொலைந்தவள், அந்த வெள்ளைக்கு நடுவே ஒரு பெரிய பச்சை அம்பைப் பார்த்தாள். பக்கத்தில் ஒரு சீட்டு: "அக்கா, இங்க ஒண்ணுமில்ல. இடப்பக்கம் வாங்க." கொஞ்ச நாளில் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எந்தத் திசையில் வழுக்கினாலும் ஒரு அம்பு நின்றது. "இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, தண்ணி குடிச்சிட்டுத் திரும்புங்க" என்று ஒன்று. அதை எனக்குக் காட்டிக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஒருவரும் அவளை மட்டமாக நினைக்கவில்லை என்பதில் அவளுக்கு அப்படி ஒரு நிம்மதி. எனக்குத்தான் கொஞ்சம் பொறாமை. அதுவரை அது என் வேலை.

மருத்துவமனைக்காரர்களுக்குத் திட்டத்தைக் காட்டும் நாள் வந்தது. எனக்கு அன்று விடுமுறை. ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரையில் தலைமை நர்ஸ், என் மனைவியின் மேலாளர், குழு. முதல் இரண்டு மாடிகளையும் வெளுத்துக்கட்டினாள். மூன்றாவது மாடியில் விரல் வழுக்கியது. திரை வெள்ளை. பதற்றத்தில் இன்னும் தள்ளி, ஆணி வைத்த அம்புகளையும் தாண்டிப் போய்விட்டாள். வேறு வழியில்லாமல், பலகை மொத்தத்தையும் ஒரே பார்வையில் காட்டும் பொத்தானை அமுக்கினாள்.

மருத்துவமனை கடுகாகச் சுருங்கி நடுவில் நின்றது. அதைச் சுற்றி எட்டுத் திக்கிலும் கலர் கலராக அம்புகள். தலைமை நர்ஸ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தன் பக்கத்திலிருந்தே ஒன்றைப் பெரிதாக்கி, சத்தமாகப் படித்தார். தண்ணீர் குடிக்கச் சொன்ன சீட்டு. மேலாளர் இருமினார். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் தலையில் கை வைத்தேன்.

இதெல்லாம் யாருக்கு என்று தலைமை நர்ஸ் கேட்டார்.

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவள் சமாளிக்கவில்லை. "எனக்குத்தான் சிஸ்டர். எனக்கு வழி மனசுல நிக்காது. போர்டெல்லாம் சரியான வழியில போறவங்களுக்குத்தான் வெக்கிறோம். நான் பெரும்பாலும் அந்த வழியில இருக்கிறதில்ல."

தலைமை நர்ஸ் சிரிக்கவில்லை. "எங்ககிட்ட வர்றவங்களும் அப்படித்தாம்மா. பதட்டத்துல வருவாங்க, எங்கயாவது போய் முட்டிக்கிட்டு நிப்பாங்க. கேக்கக் கூச்சம். அவங்க எங்கெங்க தொலைவாங்கன்னு உங்களால சொல்ல முடியுமா?"

அந்தக் கேள்விக்கு இந்த உலகத்தில் என் மனைவியை விடப் பொருத்தமான ஆள் கிடையாது.

அடுத்த வாரம் அந்தக் கட்டடத்துக்குள் போனை ஏந்திக்கொண்டு நடந்தாள். குழு தங்கள் ஊர்களிலிருந்து ஒயிட்போர்டில் பின்தொடர்ந்தது. அவள் தொலைந்து நின்ற இடத்திலெல்லாம் ஆணி வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தான்; புள்ளிக்கு ஒரு பலகை என்று கணக்கு. "அக்கா, மேல் மாடியில ஒண்ணுமே கிடைக்கல, இன்னும் கொஞ்சம் தொலைங்க" என்று கெஞ்சினானாம். தொலைவதற்குச் சம்பளம் வாங்கிய ஒரே ஆள் நீதான் என்றேன். பதவி நிரந்தரமான அன்று எங்கள் வீட்டில் நடந்த ஆர்ப்பாட்டத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து பார்த்தார்.

ஒரே ஒரு புள்ளியில் மட்டும் எனக்குச் சம்மதமில்லை. அடித்தளத்தில், சலவை அறையைத் தாண்டி, வழி முடிகிற ஒரு வெற்றுச் சுவர். அங்கே எவன் போவான், ஒரு பலகை வீண் என்று வாதாடினேன்.

"இருக்கட்டும்," என்றாள். "யாராவது ஒருத்தர் வருவாங்க."

மருத்துவமனை திறந்த மாதத்தில் எனக்கு அங்கே ஒரு சரக்கு. கையுறைப் பெட்டிகளை மூன்றாம் மாடியில் இறக்கிவிட்டு, குறுக்கு வழி என்று நினைத்து வேறு லிஃப்டில் இறங்கினேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன், திரும்பினேன், மறுபடியும் திரும்பினேன். எதிரே சுவர். எங்கோ சலவை இயந்திரம் இரையும் சத்தம். வந்த வழியைப் பார்த்தால் எல்லாக் கதவும் ஒரே மாதிரி இருந்தது. ஆள் நடமாட்டமே இல்லை.

அப்போதுதான் சுவரில் அந்த மஞ்சள் பலகையைப் பார்த்தேன்.

"இதற்கு மேல் வழி இல்லை. பரவாயில்லை, இங்கே பலரும் வருவதுண்டு. திரும்பி நடங்கள். இடப்பக்கம் இரண்டாவது கதவு லிஃப்ட்."

அங்கிருந்தே அவளுக்குப் போன் போட்டேன். எங்கே இருக்கிறேன் என்று சொன்னேன். ஊரையே கூட்டிச் சிரிக்கப் போகிறாள் என்று காதைத் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"பயந்துட்டீங்களா?"

"கொஞ்சம்," என்றேன்.

"சரி, நடங்க. நான் லைன்லயே இருக்கேன்."

லிஃப்டுக்குள் போன பிறகுதான் சிரிக்க ஆரம்பித்தாள். வேன் வரைக்கும் நிறுத்தவே இல்லை. நானும்தான்.