கொலுவுக்குச் செய்த பனி அணை

அமெரிக்காவில், ஐசலினில் எங்கள் எதிர் வீட்டுக்காரியும் என்னைப் போலவே வேலை பார்க்க அனுமதியில்லாத விசாவில் வந்தவள்தான். ஆனால் அவள் சும்மா இருக்கவில்லை. பக்கத்துக் கல்லூரியில் நிலவியல் வகுப்பில் சேர்ந்தாள். அதிலிருந்து என் எட்டு வயது மகள், பள்ளி விட்டால் அவள் வீட்டில்தான் கிடந்தாள். என்னிடம் ஆங்கிலத்தில் ஒற்றை வார்த்தை பதில் சொல்கிறவள் அங்கே வாய் ஓயாமல் பேசுவாள். எனக்கு வயிறு எரியும்.

அந்த நவராத்திரிக்கு நாங்கள் எல்லோரும் கொலுப்படி ஓரத்தில் வழக்கம்போல் பூங்காவும் தெப்பக்குளமும் வைத்தோம். அவள் வைத்தது பனியுகத்தின் முடிவு. பெரிய தட்டில் மணல் சரிவு, மேலே நீலத் தண்ணீர், அதைத் தடுத்து நிற்க ஒரு பனிக்கட்டி.

"ஐஸ் அணை ஒடஞ்சதும் ஏரி மொத்தமும் ஒரே மூச்சுல எறங்கிச்சாம். பாறையவே அறுத்துப் பள்ளத்தாக்கு பண்ணிட்டுப் போயிருக்கு" என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கட்டி நழுவும், தண்ணீர் மணலைக் கிழித்துக்கொண்டு ஓடும். ஒரே கைதட்டல். என் ஒன்பது படிக்கு முன்னால் யாரும் இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் உட்காரவில்லை.

சனிக்கிழமை கூட்டத்துக்குப் பெரிய அணையாக ஒன்று வேண்டுமென்றாள். அவள் ஃப்ரீசரில் இடமில்லை, என்னுடையதில் வைக்கச் சொன்னாள். தண்ணீர் ஊற்றி, மணல் தூவி உறைய வைத்தவள் என் மகள். நாளெல்லாம் திறந்து திறந்து பார்த்தாள்.

சனி மதியம் மகள் குளிக்கப் போனதும் அதை ஸிங்க்கில் போட்டு வெந்நீரைத் திறந்துவிட்டேன். தண்ணீர் கட்டியின் நடுவே வாய்க்கால் அறுத்துக்கொண்டு ஓடியது. சந்தோஷமாகத்தான் இருந்தது. திரும்பினால் மகள் ஈரத் தலையோடு நிற்கிறாள்.

அதே நேரம் எதிர் வீட்டுக்காரி உள்ளே வந்தாள்.

"கரண்ட் போயிடுச்சுப்பா, எல்லாம் உருகிடுச்சு" என்றேன். ஊர்ப் பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. ஒரே மாடியில் எனக்கு மட்டும் கரண்ட் போகுமா? அவள் கண் மைக்ரோவேவ் கடிகாரத்துக்குப் போனது. கரண்ட் போய் வந்தால் பன்னிரண்டு என்று மின்னிக்கொண்டிருக்கும். அது சரியான நேரத்தைக் காட்டியது.

"நான்தான் ஆன்ட்டி" என்றாள் மகள், தமிழில். "ஃப்ரீசர் கதவ மூட மறந்துட்டேன். ஸாரி."

எதிர் வீட்டுக்காரி என்னைப் பார்க்கவேயில்லை. அந்த ஈரத் தலையைத் தடவி, "பரவால்லடா கண்ணா, வா, வேற பண்ணலாம்" என்று கூட்டிக்கொண்டு போனாள்.

என்னைக் காப்பாற்றப் பொய் சொன்ன பிள்ளை. எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். தலையைத் தடவிய அந்தக் கையைப் பார்த்துப் பொறாமைதான் வந்தது.