வரி இல்லாத குதிரை

என் வீட்டுக்காரர் கிண்டி ரேஸில் ஜெயித்துவிட்டு வரும் நாட்களில்தான் எனக்கு எரிச்சல் அதிகம். தோற்ற நாளில் பேசாமல் சாப்பிட்டுப் படுத்துவிடுவார். ஜெயித்த நாளில் பழவேற்காடு பஸ் ஸ்டாண்டிலிருந்தே அவர் குரல் கேட்கும். சட்டைப் பையைத் துழாவினால் மட்டும் ஒன்றும் இருக்காது.

ஒருநாள் மீன் கூடையை அலசிக்கொண்டே, ஜெயித்த பணமெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டேன். பொன்னேரிக்கு பஸ், அங்கிருந்து ரயில், உள்ளே போக டிக்கெட், குதிரைகளின் பெயர் போட்ட புத்தகம் என்று அடுக்கினார். அப்புறம்தான் வரியைச் சொன்னார். பந்தயம் கட்டும்போதே அதற்கு மேல் வரி கட்ட வேண்டுமாம். குதிரை தோற்றாலும் அது திரும்பி வராதாம். அவர் என்னவோ வெயிலைப் பற்றிச் சொல்வது மாதிரிதான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் கரையில் ஏலம் விடுகிறவர் ஒவ்வொரு கூடையிலிருந்தும் தன் பங்குக்கு ஒரு கை மீன் எடுத்துக்கொள்வார். அந்த ஒரு கைக்கே தினமும் சண்டை பிடிப்பவள் நான்.

"மீனு வந்தாத்தான் ஏலக்காரரு கை வைப்பாரு. நீ போற எடத்துல வெறுங்கூடையிலயும் கை வைக்கிறானுங்களே, இது இன்னா நியாயம்?" என்றேன்.

மனிதர் அதற்கப்புறம் கொஞ்ச நாள் கிண்டிப் பக்கமே போகவில்லை. எனக்கு ஒரே பெருமை. பக்கத்து வீட்டுக்காரியிடம்கூடச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

இறால் சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது. முகத்துவாரத்துப் பக்கம் வலை கட்ட எங்கள் குப்பத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் முறை உண்டு. அதைப் பாடு என்போம். நம் பாடு வரும்போது கையில் வலை இல்லாவிட்டால் அது அடுத்தவருக்குப் போய்விடும். எங்கள் பழைய வலையோ நைந்து கிடந்தது. ஏலச்சீட்டு எடுத்த பணத்தை அவரிடம் கொடுத்து, பொன்னேரிக்குப் போய் வலை வாங்கி வரச் சொன்னேன்.

வலை இல்லாமல், ஆனால் சிரித்துக்கொண்டே வந்தார். எங்கள் ஊர் டச்சுக்காரர் கல்லறைச் சுவரோரமே ஓர் ஆள் ரேஸ் பந்தயம் வாங்குகிறாராம். ரயில் செலவு இல்லை, டிக்கெட் இல்லை. வலைப் பணம் மொத்தத்தையும் அவரிடம் கட்டியாயிற்று. குதிரையும் ஜெயித்துவிட்டதாம், நாளைக்குப் பணம் வருமாம்.

"நீ சொன்னதுதான்மே. ஒரு பைசா வரி கெடையாது."

நான் எதைச் சொன்னேன், இவர் எதைப் பிடித்துக்கொண்டார்!

மறுநாள் கல்லறைச் சுவரோரம் ஆடுகள்தான் மேய்ந்துகொண்டிருந்தன. அதற்கடுத்த நாளும் அவைதான். பந்தயம் கட்டியதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இவரிடம் இல்லை. போலீசுக்குப் போகலாம் என்றேன். கட்டியதே கள்ளப் பந்தயம், போனால் முதலில் தன்னைத்தான் உள்ளே வைப்பார்கள் என்றார்.

எங்கள் பாடு வந்தது. எங்கள் இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வலை கட்டினார். நாங்கள் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கூடை கூடையாக இறால் வந்து இறங்கியது. எனக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஏலக்காரர் ஒவ்வொரு கூடையிலும் கைவிட்டு எடுத்தார். சண்டை பிடிக்க எனக்கு ஒரு கூடைகூட இல்லை.

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"அந்த வரியக் கட்டித் தொலைச்சிருக்கலாம்மே."

குதிரையை விடுவது பற்றி ஒரு வார்த்தை இல்லை.