இன்னும் கொஞ்சம் காற்று

என் நாத்தனார் பரிமாறினால் போதும் என்ற சொல்லுக்கு மதிப்பே கிடையாது. கையை வைத்து மறைத்தாலும் விரலிடுக்கில் ரசத்தை ஊற்றிவிடுவார். தாயில்லாத தம்பியை, அதாவது என் கணவரை, அப்படித்தான் ஊட்டி வளர்த்தார். அதனால் தம்பி விஷயத்தில் நான் வாயைத் திறக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். நானா திறக்காமல் இருப்பேன்?

கணவரின் நுரையீரல் கெட்டு, புக்கிட் மேராவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஆக்ஸிஜன் மிஷின் வந்தது. நுரையீரல் முழுக்கச் சின்னச் சின்னக் காற்றறைகளாம். அவற்றின் மெல்லிய சுவர் வழியாகத்தான் ஆக்ஸிஜன் ரத்தத்துக்குள் போகும், கரியமில வாயு வெளியே வரும். அவருக்கு அந்தச் சுவர்கள் இடிந்துபோயிருந்தன. நம் வீட்டில் சுவரை இடித்தால் ஹால் பெரிதாகும், சந்தோஷப்படுவோம். அங்கே இடிந்தால் காற்று கைமாற இடமில்லை. உள்ளே போவதைவிட, வெளியே வர வேண்டியது வராமல் தேங்கியதுதான் அவருக்கு வினை. ஆக்ஸிஜனைக் கூட்டினால் கரியமில வாயு இன்னும் தேங்கி ஆளையே மயக்கிவிடும், மிஷினில் எண் ஒன்றைத் தாண்டவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"அஞ்சு வரைக்கும் இருக்கு லா. ஒன்னுல வச்சிருக்கியே, காத்துலயுமா கஞ்சத்தனம்?" என்பார் நாத்தனார்.

"டாக்டர் சொன்னது அண்ணி. நான் போட்ட சட்டம் இல்ல."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொங்கோலில் இருக்கும் தன் வீட்டிலிருந்து வந்தவர், தம்பியைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி என்னைத் தேக்கா சந்தைக்கு மீன் வாங்க அனுப்பினார். திரும்பி வந்தபோது வாசலிலேயே மறித்தார்.

"சத்தம் போடாத. எத்தனை நாள் கழிச்சு நிம்மதியா தூங்குறான் பாரு."

உள்ளே போய்ப் பார்த்தேன். கணவரின் முகம் சிவந்திருந்தது. கை சூடாக இருந்தது. உலுக்கினேன், கண் திறக்கவில்லை. மிஷின் ஐந்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றுக்கு இறக்கிவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அந்த வாரமே ஆஸ்பத்திரியில் போய்விட்டார். அதனால்தானா என்று டாக்டரிடம் கேட்டேன். அதுவும் ஒரு காரணம் என்றார்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் நாத்தனார் சொல்லிச் சொல்லி அழுதார்.

"மூச்சுக்குத் தவிச்ச புள்ள. காத்தக் கொஞ்சம் கூட்டி வச்சேன், அப்படியே கண்ணசந்துட்டான். அந்த நிம்மதியாவது என் கையால கெடச்சுது."

எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது. அவர் என் பக்கம் திரும்பி, "நீயும் பாத்தல்ல?" என்று கேட்டார்.

"ஆமா அண்ணி," என்றேன். "நல்லா தூங்கினாரு."