முன் இடது சக்கரம்

ஒன்பது ஆண்டுகளாக என் காரில் ஒரு டயரைக்கூட மாற்றியதில்லை என்பதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். திருப்பாதிரிப்புலியூரில் காலை நடையின்போது சந்திக்கும் நண்பர்களிடமும், உறவினர் வீட்டு விசேஷங்களிலும், ஒருமுறை வங்கியில் எனக்கு முன்னால் நின்ற அறிமுகமில்லாத ஒருவரிடமும் சொன்னேன். ஓட்டுகிறவனின் ஒழுக்கம் டயரில் தெரியும் என்பது என் கொள்கை. பணி ஓய்வு பெற்ற மாதத்தில் வாங்கிய அந்த வெள்ளை நிறச் சிறிய காரை நான் அதிகம் ஓட்டியதுமில்லை. ஞாயிறுதோறும் வெயில் ஏறுமுன் டயர்களின் காற்றழுத்தத்தை என் சொந்த அளவுமானியால் சோதிப்பேன். முன் சக்கரங்களைப் பின்னுக்கும் பின் சக்கரங்களை முன்னுக்கும் உரிய காலத்தில் மாற்றுவேன். பள்ளத்தில் இறக்கமாட்டேன், நடைபாதை விளிம்பில் உரசமாட்டேன்.

கடந்த ஆயுத பூசைக்குச் சில நாள் முன்பு, வீல் அலைன்மெண்ட் பார்ப்பதற்காகக் கடலூரில் வழக்கமான டயர் கடைக்குச் சென்றேன். கடைக்காரர் லால்பேட்டையைச் சேர்ந்தவர், என்னைவிடப் பத்து வயது இளையவர், வளவளவென்று பேசாதவர். வண்டியைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு என்னை அழைத்தார்.

“சார், இத மாத்தணும்.”

“எதை?”

“நாலையும்தான். டிக்கியில இருக்கற ஸ்டெப்னியோட சேத்தா அஞ்சு.”

டயரின் தரையில் படும் பகுதியை அவர்கள் பட்டன் என்பார்கள். நான் அதைச் சுட்டிக்காட்டினேன். பாதிகூடத் தேயவில்லை.

“பட்டன் புதுசாட்டம் இருக்கு சார், நான் இல்லன்னு சொல்லல. ரப்பர் செத்துப்போச்சு. ஓரத்துல பாருங்க, நரம்பு நரம்பா வெடிச்சிருக்கு. வயசு ஜாஸ்தி ஆயிடுச்சு.”

பக்கத்தில் பஞ்சர் ஒட்டக் காத்திருந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

“டயருக்கு மட்டுந்தானா பாய்?” என்றார்.

அங்கிருந்த நாலைந்து பேரும் சிரித்தார்கள். கடைக்காரர் சிரிக்கவில்லை, ஆயினும் என் கோபம் அவர்மீதே திரும்பியது.

“முப்பத்து மூணு வருஷம் கெமிஸ்ட்ரி நடத்துனவன் நான். ரப்பரைப் பத்தி எனக்கு நீங்க பாடம் எடுக்க வேண்டாம்.”

“சரிங்க சார். காத்த மட்டும் கரெக்டா வச்சிக்கங்க” என்றார் அவர், கையைத் துடைத்துக்கொண்டே.

நான் கற்பித்தது என்ன என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும். காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் இரப்பரின் நீண்ட சங்கிலிகளை மெல்ல மெல்ல அறுக்கின்றன; ஓடினாலும் ஓடாமல் நின்றாலும் அது முதுமையடைந்தே தீரும் என்பதை ஆண்டுதோறும் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கியவன் நான். அன்று மாலை டயருக்குப் பூசும் கருப்புப் பாலிஷ் ஒரு புட்டி வாங்கி வந்தேன். பூசைக்கு முதல் நாள் நான்கு சக்கரங்களிலும் பூசினேன். வெடிப்புகள் மறைந்தன. அதன்மேல் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். அதைப் பராமரிப்பு என்றே கருதினேன்.

தை பிறந்தபின் சிதம்பரத்தில் என் மகளுக்கு வளைகாப்பு நடந்தது. ஒன்பதாம் மாதம். மருமகன் வளைகுடா நாட்டில் பணியில் இருந்ததால் சம்பந்தியே முன்நின்று எல்லாவற்றையும் நடத்தினார். கீரப்பாளையத்தில் அரிசி ஆலை வைத்திருப்பவர். உரத்த குரல், திறந்த கை, வாசலில் உயரமான புதுக் கார். விருந்து முடிந்ததும் மகளைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அப்போது அவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“சம்பந்தி, நம்ம வண்டியில இட்டுக்கினு போங்க. பெரிய வண்டி, குலுங்காது. உங்க வண்டிய நான் நாளைக்கி ஆள்கிட்ட குடுத்தனுப்பறேன்.”

“என் மகளை என் வண்டியிலதான் அழைச்சுப் போவேன். ஒன்பது வருஷம், ஒரு பஞ்சர் கிடையாது” என்றேன். முப்பது பேராவது கேட்டிருப்பார்கள்.

“யப்பா, ஒம்போது வருசமா! நீங்க ஓட்றீங்களா, இல்ல பொட்டியில வச்சிப் பூட்றீங்களா?” என்றார். பந்தலே சிரித்தது.

இராகுகாலம் தொடங்க இருபது நிமிடம் இருந்தது. சம்பந்தியின் மனைவி நான்கு எலுமிச்சம்பழங்களைத் தட்டில் கொண்டுவந்தார்.

“நீங்களே உங்க கையால சக்கரத்துக்குக் கீழ வச்சிடுங்க. தகப்பன் வச்சாத்தான் பொண்ணுக்கு நல்லது. கெளம்புனப்புறம் திரும்பக் கூடாது, ஆமா.”

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் சபையில் மறுப்பது மரியாதையன்று. மூன்று சக்கரங்களுக்கு வைத்துவிட்டு முன் இடது சக்கரத்தின் முன் குனிந்தேன். பழம் உருண்டு உட்பக்கம் போய்விட்டது. அதை எடுக்க முழங்காலை ஊன்றித் தலையைத் தாழ்த்தியபோதுதான், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத டயரின் உட்பக்கச் சுவரைக் கண்டேன். அங்கே ஒரு வீக்கம். பாதி எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்து ஒட்டியதைப் போல இருந்தது. காலையில் வரும் வழியில், ஆலப்பாக்கம் அருகே சாலை வேலை நடக்கும் இடத்தில் ஒரு பள்ளத்தில் சக்கரம் விழுந்து இடித்தது நினைவுக்கு வந்தது. உள்ளே நூல்கள் அறுந்துவிட்டன. இப்போது காற்றைத் தாங்கிக்கொண்டிருப்பது வெறும் இரப்பர், அதுவும் ஒன்பது ஆண்டுப் பழைய இரப்பர் என்பது கண்ட கணமே எனக்குத் தெரிந்துவிட்டது.

பழத்தை வைத்துவிட்டு எழுந்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சம்பந்தி புன்னகையுடன் நின்றார். நாற்பத்தைந்து கிலோமீட்டர்தானே, மெதுவாகப் போனால் தாங்கும் என்று மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டேன். மாணவன் ஒருவன் அந்தக் கணக்கை என்னிடம் கொண்டுவந்திருந்தால் தாளைக் கிழித்திருப்பேன்.

“அப்பா, நான் முன்னாடி உக்காந்துக்கறேன்” என்றாள் மகள்.

முன் இருக்கை சரியாக அந்தச் சக்கரத்தின் பக்கம்.

“பின்னால அம்மாகூட உக்காரு.”

“கால் நீட்ட முன்னாடிதாம்பா வசதி.”

“உக்காரட்டும் வுடுங்க, புள்ளத்தாச்சி கேக்குது” என்றார் சம்பந்தியின் மனைவி. காரணம் சொல்லாமல் மறுக்க எனக்கு வழியில்லை. காரணம் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. வண்டியை நகர்த்தினேன். நான்கு பழங்களும் நசுங்கின. 

ஊரைத் தாண்டியதும் வேகத்தை நாற்பதில் நிறுத்தினேன். பேருந்துகள் பின்னால் வந்து ஒலியெழுப்பிவிட்டுக் கடந்தன.

“என்ன ஓட்டு இது? மாட்டு வண்டிகூட நம்மளத் தாண்டிடும் போல” என்றாள் என் மனைவி பின்னாலிருந்து.

“வயித்துப் பிள்ளைக்காரியை வச்சுக்கிட்டுப் பறக்கவா சொல்றே?”

அது பொய்யில்லை, ஆனால் உண்மையும் இல்லை.  மகளுடைய இடக்கை வயிற்றின்மேல் இருந்தது. கண்ணாடி வளையல் நிறைந்த வலக்கையை எங்களுக்கு நடுவே இருந்த ஹேண்ட் பிரேக்கின்மேல் வைத்திருந்தாள். சாலையின் ஒவ்வொரு மேடுபள்ளத்துக்கும் வளையல்கள் சிணுங்கின.

“கையை எடும்மா. கியர் போடறப்ப இடிக்கும்.”

“இருக்கட்டும்பா.”

வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியபோது அந்த ஒலி தொடங்கியது. முதலில் மிக மெல்லிய தட்டல். பாலத்தின் இணைப்புகளாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். இணைப்புகள் இல்லாத இடத்திலும் அது கேட்டது. வேகத்தைக் குறைத்தால் தட்டலும் நிதானமாயிற்று, கூட்டினால் விரைந்தது. எனவே அது சக்கரம். ஸ்டியரிங் என் உள்ளங்கையில் நடுங்கத் தொடங்கியது. பின்னால் ஒரு மணல் லாரி நெருங்கி வந்து விளக்கை அடித்தது. ஒதுங்க இடமில்லை. இடப்பக்கம் கைப்பிடிச் சுவர், அதற்குக் கீழே ஆறு. இப்போது டயர் வெடித்தால் வண்டி இடப்பக்கமே இழுக்கும். மகள் அந்தப் பக்கம் அமர்ந்திருக்கிறாள். பாலம் முடியும்வரை நான் வேறு எதையும் நினைக்கவில்லை. எத்தனை முறை தட்டியது என்று எண்ணிக்கொண்டே வந்தேன். எண்ணிக்கை நூறைத் தாண்டியதும் தவறவிட்டேன்.

பி.முட்லூரில் ஒரு தேநீர்க் கடையின் முன் வண்டியை நிறுத்தினேன்.

“டயர் சரியில்லை. இறங்குங்க.”

“இப்பத்தான் தெரிஞ்சுதா?” என்று கேட்டாள் என் மனைவி.

ஆம் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. தட்டல் ஒலி இன்னும் காதில் இருந்தது.

“இல்லை. எலுமிச்சம்பழம் வைக்கும்போதே பார்த்தேன்” என்றேன்.

என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுதப்போவதில்லை. மகளோ, “டயரா? டயர்தானாப்பா?” என்று இரண்டு முறை கேட்டாள். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் அதைப் பயத்தில் வந்த அழுகை என்று எண்ணினேன்.

டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை எடுத்தேன். அதை ஒருநாளும் பயன்படுத்தியதில்லை என்பது என் பெருமைகளில் ஒன்று. அதற்கு நான் கருப்புப் பூசியதுமில்லை. வெளிச்சத்தில் அது சாம்பல் நிறமாக இருந்தது. ஓரம் முழுவதும் வறண்ட ஏரியின் தரையைப் போல வெடித்திருந்தது. மற்ற நான்கும் உண்மையில் எப்படி இருக்கின்றன என்பதை அந்த ஐந்தாவது டயர் காட்டியது. அதை மாட்டி மகளை ஏற்றிச்செல்ல நான் துணியவில்லை. கைப்பேசியை எடுத்துச் சம்பந்தியை அழைத்தேன். உங்கள் வண்டி வேண்டும் என்றேன்.

கால் மணி நேரத்தில் வந்துவிட்டார். இறங்கும்போதே குரல் கேட்டது.

“இன்னா சம்பந்தி, கெமிஸ்ட்ரி காலை வாரி வுட்டுடுச்சா?”

நான் சக்கரத்தைக் காட்டினேன். அவர் வேட்டியை மடித்துக் குனிந்து பார்த்தார். வீக்கம் இப்போது முழுப் பழமளவு இருந்தது. எழுந்தபோது அவர் முகத்தில் கேலி இல்லை.

“இத்த வச்சிக்கினா பாலம் தாண்டுனீங்க?”

“ஆமாம்.”

“தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சேதான்.”

 “ஏறும்மா. வூட்டுப் பக்கம் திரும்ப வேணாம், நேரா கடலூர் போயிடலாம்” என்று மகளிடம் சொல்லி, கதவைத் திறந்து பிடித்தார். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அருகிலிருந்த பஞ்சர் கடையில் ஸ்டெப்னியை மாட்டச் செய்து, தனியாக, முப்பது கிலோமீட்டர் வேகத்தில் கடலூர் வந்து சேர்ந்தேன். வீட்டுக்குப் போகவில்லை. நேரே டயர் கடைக்குப் போனேன். லால்பேட்டைக்காரர் வீங்கிய டயரை ரிம்மிலிருந்து கழற்றி உட்புறம் கையை ஓட்டினார். அறுந்த நூல்கள் அவர் விரலில் சிக்கின.

“வண்டியில யாரு சார் இருந்தாங்க?”

“என் மகள். ஒன்பதாம் மாதம்.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்று இறைவனுக்கு நன்றி சொன்னார். அவ்வளவுதான். முன்பே சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை.

புது டயர்களை இறக்கி வைத்தார். பக்கச் சுவரில் ஒரு சிறு வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் தயாரித்த வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. என் ஒன்பது ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருமுறைகூட நான் அதைப் படித்ததில்லை. இப்போது தரையில் முழங்காலிட்டு ஐந்திலும் படித்தேன். ஒன்று மற்ற நான்கைவிட ஓராண்டு பழையது. “இது வேண்டாம்” என்றேன். மறுபேச்சில்லாமல் வேறொன்றை எடுத்துவந்தார். என் பழைய டயர்களை, வேறு யாரும் வாங்கி மாட்டிவிடக்கூடாது என்று கத்தியால் பக்கச் சுவரில் நீளமாகக் கிழித்துப் போடச் சொன்னேன். அவர் கிழிக்கும்வரை நின்று பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மகள் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மன்னிப்புக் கேட்பது எனக்குப் பழக்கமில்லாத காரியம். அருகில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, “அஞ்சையும் மாத்திட்டேன்” என்றேன்.

“நான் நெஞ்சுவலின்னு நெனச்சேம்பா” என்றாள்.

“என்ன?”

“பழம் வச்சிட்டு எழுந்தீங்களே, அப்ப உங்க மூஞ்சி வெளுத்துப்போயிருந்துச்சு. கேட்டா ஒண்ணுமில்லன்னுதான் சொல்லுவீங்க. வலிய மறைச்சிக்கிட்டு ஓட்டுறீங்கன்னு நெனச்சேன். அதான் முன்னாடி உக்காந்தேன். நீங்க சாஞ்சிட்டீங்கன்னா ஹேண்ட் பிரேக்க இழுத்துடலாம்னு.”

அவள் கால் நீட்ட அங்கே உட்காரவில்லை. நான் மறைத்ததனால்தான் அந்தச் சக்கரத்தின் பக்கம் வந்து உட்கார்ந்தாள். பாலத்தின்மேல் நான் தட்டல்களை எண்ணிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவள் என் மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

நான்கு நாள் கழித்து அவளைப் பரிசோதனைக்காக மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். அன்றும் முன்னாலேயே அமர்ந்தாள்.

“டயர் பாத்தீங்களா?”

“பார்த்தேன். உட்பக்கமும் பார்த்தேன்.”

“உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?”

“இல்லை.”

தலையசைத்தாள். வண்டி தெருமுனை திரும்பியதும் வளையல்கள் சிணுங்க அவள் வலக்கை ஹேண்ட் பிரேக்கின்மேல் வந்து அமர்ந்தது. கையை எடுக்கும்படி நான் சொல்லவில்லை.