குளத்துக்கு எடுத்த டயர்

அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்கும் என் அக்காள் புருஷனுக்கும் சேர்த்துத் தென்காசியில் ஒரே ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. எங்களுக்கு முன் மூன்று பேர் ஓட்டி வெறுத்த வண்டி. ஒரு வாரம் அத்தானுக்கு, ஒரு வாரம் எனக்கு. திங்கட்கிழமை காலையில் கை மாறும். அத்தானுக்குப் புளியங்குடி எலுமிச்சைச் சந்தையில் கமிஷன் மண்டி. காலை ஏலத்துக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். என் வேலை வீட்டிலிருந்து நடந்தால் ஐந்து நிமிடம். வண்டியில் போனால் எட்டு நிமிடம், கிளப்பவே ஐந்தாறு உதை கேட்கும்.

ஆனாலும் பந்தயக்காரன் நான்தான். சித்திரையில் மேலகரத்துக்கு அப்பால் ஒரு குளம் வற்றி வெடித்துக் கிடக்கும். அம்மன் கோயில் கொடை விழாவை ஒட்டி வண்டி வைத்திருந்த நாங்கள் சிலபேர் அந்தக் குளத்துக்குள் சுற்றிச் சுற்றி ஓட்டுவோம். முதல் வருஷம் ஓடியது மூன்று வண்டிகள். நான் நான்காவதாக வந்தேன். மிரண்டு ஓடிய ஒரு கன்றுக்குட்டி எனக்கு முன்னால் கோட்டைத் தாண்டிவிட்டது. ஓட்டியவனுக்குத் திறமை போதாது என்று ஊர் சொன்னது. டயர் சரியில்லை என்று நான் சொன்னேன்.

அடுத்த பங்குனியில் இரண்டு டயரும் தேய்ந்து நூல் தெரிந்தது. அத்தான் பொறுப்பை என்னிடமே விட்டார்.

“எனக்குப் பழத்தப் பத்திக் கேட்டா சொல்லுவேன். டயரப் பத்தி என்னத்தத் தெரியும்? நீ பாத்து எடு மாப்ளே.”

டயர் கடை அண்ணாச்சியிடம் போய், ரோட்டுக்கும் குளத்துக்கும் ஆகிற மாதிரி ஒன்று வேண்டும் என்றேன்.

“குளிக்கதுக்கும் கல்யாணத்துக்குப் போறதுக்கும் ஒரே வேட்டியத்தான் கட்டுவியால?” என்றார் அண்ணாச்சி. பிறகு இறங்கி வந்து காட்டினார். “முன்னால இந்தக் கோடு போட்டத மாட்டு, தார் ரோட்டப் பிடிக்கும். பின்னால வேணும்னா ரெண்டுக்கும் நடுவுல உள்ளதப் போட்டுக்கோ. அந்தா கட்டகட்டயா இருக்கே, அது புழுதிக்குத்தான். ஈரத் தார்ல நிக்காது. சாரல் வந்துட்டா தூக்கிப் போட்டுரும், பாத்துக்கோ.”

நன்றாகப் பார்த்துக்கொண்டேன். கட்டை கட்டையாக இருந்ததையே முன்னுக்கும் பின்னுக்கும் வாங்கினேன்.

“ரெண்டுக்கும் இதான் அத்தான் நல்லது. மழத்தண்ணிய வாரி எறிஞ்சிரும்” என்று வீட்டில் சொன்னேன். அண்ணாச்சி சொன்னதாகவே சொன்னேன். அத்தான் சரி என்று சாப்பிட உட்கார்ந்தார். அந்தச் சித்திரையில் நான் இரண்டாவதாக வந்தேன். ஒரு வாரம் என் நடையே மாறிப்போயிருந்தது.

ஆனியில் சாரல் விழுந்தது. சீசன் வந்துவிட்டால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு வீட்டில் குளிப்பது ஏதோ குற்றம் செய்வது போல. விடிந்ததும் குற்றாலத்துக்குப் போவோம். அருவிக்கரையில் உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்து, சொட்டச் சொட்ட ரோட்டைக் கடந்து அருவிக்கு நடப்போம். நல்லெண்ணெய் பாதி எங்கள் மேலும் பாதி தாரின் மேலும் இருக்கும். அதன்மேல் சாரல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த இடத்தில் லேசாகத்தான் பிரேக்கைத் தொட்டேன். வண்டி ஒருபக்கம் போனது, நான் ஒருபக்கம் போனேன். பார்த்தது ஒரு குரங்கு மட்டும். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. மறுநாள் திங்கட்கிழமை, வண்டி அத்தான் கைக்குப் போகிற நாள். அத்தான் சீசனில் அருவியில் குளித்துவிட்டுத்தான் புளியங்குடிக்குக் கிளம்புவார்.

அன்று சாயங்காலமே அவரிடம் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வாயைத் திறந்தால் வழக்கமான இளிப்பு முன்னால் வந்து நின்றது.

“அத்தான், நாளைக்கு பஸ்ல போங்க. வண்டி வழுக்குது. இன்னிக்கு நானே ரோட்டுல அங்கப்பிரதட்சணம் பண்ணிட்டேன்.”

“நீ வழுக்காம எதுலல போனே? பத்தாங்கிளாஸ்லயே ரெண்டு தடவ வழுக்குனவந்தானே!”

அக்காவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். “இல்லத்தான், டயரு...” என்று இழுத்தேன்.

“அடுத்த வாரத்தயும் அமுக்கப் பாக்கான் பாரு ஒந்தம்பி” என்றார் அத்தான். அதற்கும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து, ராத்திரி முழுக்க ஓட்டில் சாரல் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

காலையில் ஆள் வந்து சொன்னான். அத்தான் எண்ணெய் ரோட்டில் விழுந்துவிட்டார். வலது தோள் இறங்கி, எலும்பும் விரிசல் விட்டிருக்கிறது. செங்கோட்டைப் பக்கத்து எலும்பு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, இரண்டு மாதம் அசையக்கூடாது என்றார். அந்த இரண்டு மாதமும் எலுமிச்சைக்கு நல்ல விலை போகிற காலம். மண்டி பூட்டிக் கிடந்தது.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அத்தான் எனக்காகப் பேசினார். “டயரக் கொற சொல்லாதிய. நம்ம மாப்ளே பாத்து எடுத்தது. ரோட்டுலதான் எண்ணெ.”

நாலு நாள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள், அக்கா அடுப்பங்கரையில் இருந்தபோது, அண்ணாச்சி நிஜத்தில் சொன்னதையும் நான் குளத்துக்காக எடுத்ததையும் சொன்னேன். அத்தான் முதலில் சிரித்தார். கட்டு வலித்து முகத்தைச் சுளித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

“ஞாயித்துக்கிழம வந்து சொன்னியே. அப்பவும் தெரிஞ்சுதான் சொன்னியா?”

“ஆமா அத்தான்.”

“அப்ப ஏம்ல சிரிச்சே?”

அக்கா கஞ்சியோடு உள்ளே வந்தாள். அத்தான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளப் பார்த்தார். தோள் விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.